பதிலாகவா, கூடவா?

வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் மனச்சோர்வில் சுருண்டு கிடந்தால், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். "ஒழுங்கா சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்." மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு அதே அன்பு வேறு மாதிரி பேசும். "இந்த மாத்திரையெல்லாம் எதுக்கு? நிறுத்திட்டு நல்ல சத்தான சாப்பாடா சாப்பிட்டுப் பாரேன்." முதல் பேச்சில் உண்மை இருக்கிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. இரண்டாவது பேச்சை நம்பியவர்களில் சிலர் உயிரோடு இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனிதர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு நூறாண்டுக் கதை ஒன்று உண்டு.

அந்தக் கதை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெல்லாக்ரா என்ற நோய் ஊர் ஊராகப் பரவியிருந்தது. வெயில் படும் இடங்களில் தோல் கருத்து, தடித்து, உரியும். வயிற்றுப்போக்கு நிற்காது. அதோடு மனமும் கலங்கும். முதலில் தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத துக்கம். பிறகு குழப்பமும் பிரமையும். கவனிக்காமல் விட்டால் மரணம். மனம் பிறழ்ந்தவர்கள் என்று காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்களில் பலர் உண்மையில் பெல்லாக்ரா நோயாளிகள். இது தொற்றுநோய் என்றே அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள்.

1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் அநாதை இல்லங்களையும் காப்பகங்களையும் சுற்றிப் பார்த்தார். உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது. அவர்களைத் தொட்டுக் குளிப்பாட்டும் செவிலியருக்கும் பணியாளருக்கும் வருவதில்லை. ஒரே கட்டடம், ஒரே காற்று, ஒரே கொசு. வேறுபட்டது சாப்பாடு மட்டுமே. பணியாளர்கள் பாலும் முட்டையும் இறைச்சியும் சாப்பிட்டார்கள். நோயாளிகளுக்குக் கிடைத்தது மக்காச்சோளக் கூழும் சர்க்கரைப் பாகும். ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் காப்பகத்தில் சில வார்டுகளின் சாப்பாட்டில் பாலையும் பயறு வகைகளையும் சேர்க்க வைத்தார். அந்த வார்டுகளில் நோய் ஏறக்குறைய மறைந்துபோனது.

அப்போதும் யாரும் நம்பவில்லை. 1915இல் மிசிசிப்பியில் ஒரு சிறைப் பண்ணையின் கைதிகள், விடுதலை தருவதாக ஆளுநர் கொடுத்த வாக்கின் பேரில், மக்காச்சோளமும் பாகுமான சாப்பாட்டை மட்டும் உண்ண முன்வந்தார்கள். கடைசிவரை நீடித்த 11 பேரில் 6 பேருக்குச் சில மாதங்களில் பெல்லாக்ரா வந்தது. இன்றைய மருத்துவ அறம் இப்படி ஒரு சோதனையை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. தொற்று இல்லை என்று காட்ட, அடுத்த ஆண்டு கோல்ட்பெர்கரும் அவருடைய சகாக்களும் நோயாளிகளின் இரத்தத்தைத் தங்கள் உடம்பிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார்கள். அவருடைய மனைவி மேரியும் ஏற்றிக்கொண்டார். யாருக்கும் நோய் வரவில்லை. குறைந்துபோயிருந்த சத்து எது என்று தெரியாமலேயே 1929இல் கோல்ட்பெர்கர் இறந்தார். அது பி வைட்டமின்களில் ஒன்றான நியாசின் என்பதை 1937இல் கான்ராட் எல்வெஹெம் கண்டுபிடித்தார்.

மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. நம் குடலால் பிரித்தெடுக்க முடியாதபடி அது கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவின் பூர்வகுடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்ட பிறகே அரைப்பார்கள். அந்தச் சுண்ணாம்பு கட்டை அவிழ்த்துவிடும். ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். ஒரு சமையல் பழக்கத்தை வெறும் பழக்கம்தானே என்று உதறியதற்குப் பல லட்சம் பேர் விலை கொடுத்தார்கள்.

இந்த நோய் நம் பக்கத்திலும் இருந்தது. நாட்டுச் சோளத்தையே நம்பி வாழ்ந்த தக்காணப் பீடபூமியின் ஏழைக் கூலிகளிடையே பெல்லாக்ராவைக் கண்டு ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி 1950களின் இறுதியில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். மக்காச்சோளம் போலன்றி, நாட்டுச் சோளத்தில் நியாசின் கட்டுண்டு கிடக்கவில்லை, பிறகு ஏன் இந்த நோய் என்பது அவருக்கு எழுந்த கேள்வி. சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலம் உடலின் நியாசின் கணக்கைக் குலைக்கிறது என்று அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் முன்வைத்தார்கள். அந்தக் கருத்தைச் சுற்றிப் பின்னாளில் விவாதங்கள் எழுந்தன. ஆனால் சத்து என்பது தட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு முடிவதில்லை, உடம்பு அதை என்ன செய்கிறது என்பதும் சேர்ந்ததே என்று அவர்கள் கேட்க வைத்த கேள்வி நிலைத்துவிட்டது.

ஆக, உணவில் ஒரு சத்து குறைந்தால் மனம் நோயுறும், அதைக் கொடுத்தால் மனம் மீளும். இது நிரூபணமான உண்மை. 1940களில் அமெரிக்காவில் மாவிலும் ரொட்டியிலும் நியாசின் சேர்த்தார்கள். பெல்லாக்ரா ஓய்ந்தது. மில்லெட்ஜ்வில் காப்பகமும் காலியாகியிருக்க வேண்டுமல்லவா? 1960களில் அங்கே சுமார் 12,000 பேர் இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வறுமை, நிறவெறி, போக்கிடமின்மை என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும், நியாசினால் குணமாகக்கூடியவர்கள் குணமாகிப் போன பிறகும், நியாசினால் குணமாகாத மனநோய் அங்கேயே இருந்தது.

இந்த இடத்தில்தான் அறிவியல் வரலாற்றில் ஒரு வழுக்கல் நேர்ந்தது. கனடாவின் சஸ்காட்செவனில் 1950களில் ஆப்ரம் ஹாஃபரும் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு நாள்தோறும் கிராம் கணக்கில் நியாசின் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 15 மில்லிகிராம். குறைவு நோயைத் தருமானால் நிறைவுக்கும் மேலே கொடுப்பது குணத்தைத் தரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. தண்ணீர் இல்லாமல் வாடிய பயிர் தண்ணீரில் நிமிரும். பூச்சி விழுந்த பயிருக்கு இரண்டு மடங்கு தண்ணீர் பாய்ச்சினால் வேர்தான் அழுகும். ஆனால் இந்த நம்பிக்கைக்கு ஒரு மாபெரும் ஆதரவாளர் கிடைத்தார். தனியாக இரண்டு நோபல் பரிசுகள் பெற்ற லைனஸ் பாலிங், 1968இல் 'சயன்ஸ்' இதழில் இதற்கு ஆர்த்தோமாலிக்யூலர் மனநலமருத்துவம் என்று பெயரிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக்குழு, கிடைத்த சான்றுகளை அலசிவிட்டு, இந்த மெகாவைட்டமின் சிகிச்சை பலன் தருவதாகக் காட்டப்படவில்லை என்றது. பாலிங்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வேதிப்பிணைப்பைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துத்தான் பலருக்கு வேதியியல் பிடித்தது. ஆனால் நோபல் பரிசு சோதனைக்கு மாற்றாகாது.

1990களின் நடுவில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் இதே நம்பிக்கை வேறு உருவில் வந்தது. அந்தோனி ஸ்டீஃபன் என்பவர் மனைவியைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர். அவருடைய பிள்ளைகளில் இருவருக்கு இருமுனைக் கோளாறு. மனம் சில மாதங்கள் வெறிகொண்ட உற்சாகத்தில் பறந்து, பிறகு பாதாளத்தில் விழும் நோய் அது. பைபோலார் என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று புரியும். அவருடைய நண்பர் டேவிட் ஹார்டி கால்நடைத் தீவனத் தொழிலில் இருந்தவர். பண்ணையில் பன்றிகள் சில சமயம் ஒன்றன் காதையும் வாலையும் மற்றொன்று கடித்துக் குதறும். தீவனத்தில் தாதுச்சத்துகளைக் கூட்டினால் அடங்கிவிடும் என்றார் ஹார்டி. அந்த ஒப்புமையிலிருந்து 36 கூறுகள் அடங்கிய ஒரு சத்துக் கலவை பிறந்தது. வைட்டமின்கள், தாதுக்கள், அமினோ அமிலங்கள். பிள்ளைகள் தேறியதாக அந்தக் குடும்பம் சொன்னது.

பன்றிக் கதை என்று நாம் இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் போனி கப்லான் ஒதுக்கவில்லை. 2001இல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வில் 11 பேர் ஆறு மாதங்கள் இந்தக் கலவையை எடுத்துக்கொண்டார்கள். அறிகுறிகள் பாதிக்கும் மேல் குறைந்தன. தேவைப்பட்ட மனநல மருந்துகளும் பாதிக்கும் மேல் குறைந்தன. வியக்கத்தக்க எண்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்துப்போலி பெற்ற குழு எதுவும் இல்லை. என்ன சாப்பிடுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இருமுனைக் கோளாறில் இந்தக் குறை மற்ற நோய்களைவிடப் பெரிதாக உறுத்தும். அது அலைபோல ஏறி இறங்கும் நோய். ஆய்வில் சேர ஒருவர் எப்போது வருவார்? மிக மோசமான நிலையில் இருக்கும்போது. அலை அடியைத் தொட்டுவிட்டால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த சில மாதங்களில் மேலே வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் புகழ் போய்ச் சேரும், அது சத்து மாத்திரையாக இருந்தாலும், மந்திரித்த கயிறாக இருந்தாலும், மருத்துவர் கொடுத்த மருந்தாகவே இருந்தாலும். அதனால்தான் மருந்தையும் மருந்துப்போலியையும் யாருக்கு எது என்று தெரியாமல் குலுக்கிக் கொடுத்து ஒப்பிடும் சோதனை தேவைப்படுகிறது. ஒருவரின் அனுபவத்தைப் பொய் என்று சொல்வது அதன் நோக்கம் கிடையாது. ஏறிய அலையையும் ஏற்றிவிட்ட கையையும் பிரித்தறிய நமக்கு வேறு வழி இல்லை.

அப்படிப்பட்ட சோதனைகளில் நுண்ணூட்டக் கலவைகள் முழுத் தோல்வி அடைந்துவிடவுமில்லை. நியூசிலாந்தின் ஜூலியா ரக்லிட்ஜ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுள்ள 80 பெரியவர்கள் எட்டு வாரங்கள் கலவையையோ மருந்துப்போலியையோ எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தவர்களுக்குக் கலவையில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வு. தொடர்ந்து தேட வேண்டிய தடம். ஆனால் பெரிய அளவில் செய்யப்பட்டவை மனத்தைத் தளரவைக்கின்றன. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் உடல் பருமன் கூடிய 1,025 பேரில் பாதிப் பேருக்கு ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி எல்லாம் சேர்த்து ஓராண்டு கொடுத்தார்கள். மனச்சோர்வு வருவதை அது தடுக்கவில்லை என்று 2019இல் முடிவு வந்தது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்ததும் அப்படியே, 2020இல். குறைபாடு உள்ளவரா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் சத்தை ஊட்டினால் மனச்சோர்வைத் தள்ளிவைக்க முடியாது என்பதே இவை சொல்லும் செய்தி.

இனி உப்புக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஜான் கேட் ஓர் ஆஸ்திரேலிய மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றாண்டுகளுக்கும் மேல் கைதியாக இருந்தவர். சத்துக்குறை நோய்கள் மனிதர்களை என்ன செய்யும் என்பதை அங்கே அன்றாடம் பார்த்தவர். மனநோயின் வேர் உடம்பில் இருக்கும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார். மருத்துவமனையில் கைவிடப்பட்டிருந்த ஒரு சமையலறையே அவருக்கு ஆய்வுக்கூடம். லித்தியம் உப்பைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றியபோது அவை சாந்தமாகிப் படுத்துவிட்டதைக் கண்டார். தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு பித்துநிலையில் இருந்த பத்துப் பேருக்குக் கொடுத்து, 1949இல் முடிவை எழுதினார். ஐந்தாண்டுகளாக அடங்காத வெறியில் இருந்த முதல் நோயாளி சில மாதங்களில் வீடு திரும்பி வேலைக்கும் போனார்.

லித்தியம் பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் தனிமம். சில ஊற்றுத் தண்ணீரில்கூட இருக்கிறது. 1929இல் வெளிவந்த 7அப் பானத்தில் லித்தியம் சிட்ரேட் கலந்திருந்தது. உணவுக்கும் மருந்துக்கும் நடுவே கோடு கிழிக்க நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இயற்கையானது, ஆகவே நல்லது என்பவர்கள் அடுத்து நடந்ததையும் கேட்க வேண்டும். கேட் கட்டுரை எழுதிய அதே காலத்தில், அமெரிக்காவில் உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டில் தூவிக்கொள்ள லித்தியம் குளோரைடை விற்றார்கள். அளவில்லாமல் தூவிக்கொண்டவர்கள் நஞ்சேறி விழுந்தார்கள். சிலர் இறந்தார்கள். கேட்டின் அந்த முதல் நோயாளி லித்தியத்தை நிறுத்தியபோது பழைய வெறி திரும்பியது. மறுபடி தொடங்கியபோது நஞ்சேறி 1950இல் இறந்துபோனார். இரத்தத்தில் லித்தியத்தை அளக்கும் வழக்கம் அன்று இல்லை.

இன்று அளக்கிறோம். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5ஐத் தாண்டினால் நஞ்சின் எல்லை. இவ்வளவு குறுகிய வரப்பின் மேல் நடக்கும்போது சாப்பாட்டு உப்பே ஆளைத் தள்ளிவிடும். லித்தியமும் சோடியமும் வேதியியலில் ஒரே குடும்பம். சிறுநீரகம் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சும் வழியில் லித்தியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உடம்பில் சோடியம் குறைந்தால் ஒரு துளியையும் விடாதே என்று சிறுநீரகம் பிடித்து வைக்கும்போது லித்தியமும் பிடிபட்டுத் தேங்கும். ஆகவே லித்தியம் சாப்பிடும் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று திடீரென உப்பில்லாத இயற்கை உணவுக்கு மாறினாலோ, பட்டினி விரதம் இருந்தாலோ, மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, வயிற்றுப்போக்கில் கிடந்தாலோ, மாத்திரையின் அளவை மாற்றாமலேயே நஞ்சேறலாம். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். மனநோய் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஓட வேண்டிய இடம் மருத்துவமனை.

இயற்கையானது என்ற சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று. மூளையில் செரட்டோனினை உண்டாக்க டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் வேண்டும். வாழைப்பழத்தில் செரட்டோனினே இருக்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். இருக்கிறது, ஆனால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழைய முடியாது. டிரிப்டோபேன் நுழையும். அதைத் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் சத்து மாத்திரையாக அமெரிக்காவில் தாராளமாக விற்றுக்கொண்டிருந்தார்கள். 1989இல் அதைச் சாப்பிட்ட 1,500க்கும் மேற்பட்டவர்கள் கடும் தசைவலியோடு வந்த ஒரு புதிய நோயில் விழுந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலான பாதிப்பு ஒரே தயாரிப்பாளரின் சரக்கோடு தொடர்புடையதாக இருந்தது. மருந்துக்கு இருக்கும் கண்காணிப்பு சத்து மாத்திரைக்கு இருக்கவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டுச் சாப்பாட்டுக்கும் மனத்துக்கும் சம்பந்தமே இல்லை போலும் என்று யாராவது நினைத்தால் நான் தோற்றுவிட்டேன். மனச்சோர்வோடு வரும் ஒருவருக்கு இரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்காமல் விடுவது, என் கருத்தில், பெரும் தவறு. பி12 மண்ணிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள் செய்வது. பால், முட்டை, மீன், இறைச்சி வழியாக நமக்கு வருகிறது. இட்லி மாவு புளிப்பதால் போதுமான பி12 வந்துவிடும் என்று நம்ப முடியாது. சைவ உணவுக்காரர்கள், வயதானவர்கள், சர்க்கரை நோய்க்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், நெடுநாளாக நெஞ்செரிச்சல் மாத்திரை போடுபவர்கள் ஆகியோருக்குக் குறையலாம். பாதம் மரத்துப்போவது, நாக்கு வழுவழுத்து எரிவது, மறதி, சோர்வு, சில சமயம் முழுப் பித்து. இவர்களுக்கு ஊசியிலோ மாத்திரையிலோ வரும் பி12தான் உண்மையான மருந்து.

இங்கேயும் தானாக மாத்திரை வாங்கிப் போடுவதில் ஒரு பள்ளம் உண்டு. 1931இல் பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் கர்ப்பகால இரத்தசோகையை மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு போக்கும் என்று கண்டவர் லூசி வில்ஸ். அதில் இருந்த சத்துக்குத்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் இரத்தசோகை மறைந்துவிடும், நரம்புகள் உள்ளுக்குள் தொடர்ந்து கெட்டுக்கொண்டே போகும். இரும்புச்சத்தும் இப்படித்தான் கவனத்துக்குரியது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. மூளை டோபமினையும் செரட்டோனினையும் செய்வதற்கு இரும்பு வேண்டும். எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று சொல்லும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டும் வீட்டில் அவளுடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று யாருக்காவது தெரியுமா?

தனிச் சத்தைக் கொடுக்காமல் சாப்பாட்டையே மாற்றினால் பலன் உண்டா? இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெலிஸ் ஜாக்கா. 2017இல் வெளிவந்த அவருடைய ஸ்மைல்ஸ் ஆய்வில் மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு உள்ள 67 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு உணவியல் வல்லுநர் 12 வாரங்களில் ஏழு முறை உட்கார்ந்து பேசி, காய், பழம், பயறு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பாட்டை மாற்ற உதவினார். மறு பாதியினரோடு அதே அளவு நேரம் ஒருவர் உட்கார்ந்து பிடித்த விஷயங்களைப் பேசினார். முடிவில் உணவுக் குழுவில் 32 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். பேச்சுக் குழுவில் 8 சதவீதத்தினர். சிறிய ஆய்வு. தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதைச் சாப்பிடுபவரிடம் மறைக்க முடியாது, நம்பிக்கையின் பங்கும் அதில் இருக்கும். இருந்தும் அலட்சியப்படுத்த முடியாத வேறுபாடு.

இதைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த 67 பேரில் பெரும்பாலோர் மாத்திரையோ உளவியல் ஆலோசனையோ பெற்றுக்கொண்டிருந்தவர்கள். அது தொடர்ந்தது. சாப்பாடு அதற்குமேல் கூடுதலாக வந்தது. 'பதிலாக' என்று யாரும் அங்கே சோதிக்கவே இல்லை. சோதித்தது 'கூட'. இருமுனைக் கோளாறிலோ 'பதிலாக' என்பது நெருப்போடு விளையாடுவது. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் பித்துநிலை சீறிக்கொண்டு திரும்பும் அபாயம் கூடுகிறது. தற்கொலையைக் குறைப்பதில் லித்தியத்துக்கு இருக்கும் சான்று எந்தச் சத்துக் கலவைக்கும் இல்லை. மாத்திரையால் உடம்பு பெருத்துப் போகிறதே, சர்க்கரை ஏறுகிறதே என்பது உண்மையான வேதனை. ஓலன்சபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டி எடையை ஏற்றத்தான் செய்கின்றன. மருத்துவரிடம் அதைச் சொல்லி மருந்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் கேட்கலாம். கூடவே ஓர் உணவியல் வல்லுநரும் அந்த அறையில் இருந்தால் எத்தனை பேர் மாத்திரையைத் தூக்கி எறியாமல் தொடர்வார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஸ்மைல்ஸ் போன்ற ஒரு சோதனையை நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்து, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் வெளிநோயாளிகளோடு, பெரிய அளவில் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆலிவ் எண்ணெய்க்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் போதும். மத்தி மீன், கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர். தொடங்கும் முன் ஒவ்வொருவருக்கும் பி12, ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்துவிட வேண்டும். லித்தியம் சாப்பிடுபவரின் உப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. யாருடைய மாத்திரையும் நிற்கக் கூடாது.